'ஐ ஆம் சிக்கன்!' - கோழிக்கு 'கோழை' பட்டம் கொடுத்தது யார்?

"இங்க சிக்கன் யாரு?"

கையில் நாலு பிளேட்டோடு வந்து நிற்கும் சப்ளையர் அண்ணன் இப்படித்தான் கேட்பார். நாமும் கூச்சமே இல்லாமல், "நான்தான் சிக்கன். இவன் மட்டன். அந்தக் கடைசியில இருக்கிறவன் எக் ஃப்ரைட் ரைஸ்" என்று அறிமுகம் செய்துகொள்வோம். தமிழில் இதில் ஒரு சிக்கலும் இல்லை. இதையே ஆங்கிலத்தில் 'ஐ ஆம் சிக்கன்' என்று சொன்னால்? சாப்பாட்டு மேஜையில் பரவாயில்லை, சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள். மேஜையை விட்டு எழுந்து வந்து சொன்னால், 'நான் ஒரு பயந்தாங்கொள்ளி' என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

ஆமாம் மக்களே, இந்த வாரச் சொல், 'சிக்கன்'. பிரியாணியில் இருப்பது இல்லை, திட்டில் இருப்பது.

முதலில் பயன்பாட்டைப் பார்த்துவிடுவோம். 'ஹி இஸ் எ சிக்கன்' என்றால் அவன் ஒரு பயந்தாங்கொள்ளி. முன்னால் உள்ள 'எ'-வை எடுத்துவிட்டு 'ஹி இஸ் சிக்கன்' என்றாலும் அதே பொருள்தான். அடிக்கடி காதில் விழுவது 'சிக்கன் அவுட்'. 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சு வழக்கு இது. பணம் கட்டி, பாதுகாப்பு பெல்ட் எல்லாம் மாட்டிக்கொண்டு பஞ்சி ஜம்ப் மேடை வரை ஏறிய நண்பன், கீழே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சி, வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்று இறங்கி வந்தால், 'ஹி சிக்கன்டு அவுட்'.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் 'சரி' என்று தலையாட்டியவர்தான் 'சிக்கன் அவுட்' ஆக முடியும். ஆரம்பத்திலேயே 'எனக்கு வேண்டாம்பா' என்று சொன்னவரை அப்படிச் சொல்ல முடியாது. நம்ம ஊரில் இதற்குக் கச்சிதமான ஜோடி இருக்கிறது: 'ஜகா வாங்கிட்டான்'. அதுவும் கடைசி நிமிடத்தில் கழன்றுகொள்கிறவருக்குத்தானே?

அலுவலக மெயிலில் மட்டும் எழுதிவிடாதீர்கள். 'தி கிளையன்ட் சிக்கன்டு அவுட்' என்று டைப் செய்து மேனேஜருக்கு அனுப்பினால், அது கிளையன்ட் கண்ணில் படும்போது சிக்கன் ஆவது நீங்கள்தான். அங்கே 'பேக் அவுட்' போதும். அதில் கேலி குறைவு. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளைக்கு வரும் உதறலுக்கு 'கோல்டு ஃபீட்', அதாவது கால் சில்லிட்டுப் போவது. குழந்தைகள் ஒருவரையொருவர் சீண்ட 'ஸ்கேர்டி கேட்', பயந்த பூனை. பழைய கௌபாய் படங்களில் 'யூ ஆர் எல்லோ' என்று ஒருவன் சொன்னால் அடுத்து துப்பாக்கி வெடிக்கும். மஞ்சள் என்றாலும் அங்கே கோழைதான்.

எனக்குப் பிடித்தது 'லில்லி லிவர்ட்'. தைரியம் கல்லீரலில் இருக்கிறது, கோழையின் ஈரலில் ரத்தம் இல்லாததால் அது லில்லிப் பூ மாதிரி வெளுத்துக் கிடக்கும் என்று ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நம்பினார்கள். சிரிக்க வேண்டாம். பாதி ராத்திரியில் போன் அடித்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் 'ஈரக்குலையே நடுங்கிடுச்சு' என்று சொல்வது எந்தக் குலையை?

சரி, 'கவர்டு' என்ற நேரடிச் சொல்லிலாவது விலங்கு இல்லாமல் இருக்கிறதா? அதிலும் வால் இருக்கிறது! லத்தீனில் வாலுக்கு 'காடா' என்று பெயர். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'கவர்டு' ஆனது. பிரான்ஸின் இடைக்கால விலங்குக் கதைகளில் வரும் முயலின் பெயரே 'குவார்'. நாமும் 'வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடிட்டான்' என்கிறோம். யாரும் யாரையும் பார்த்து காப்பி அடிக்கவில்லை. நாய் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் வாலை மடக்குகிறது.

உலகம் முழுக்க இப்படி ஒவ்வொரு விலங்கை மாட்டிவிட்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் முயல். சீனாவில் 'எலி அளவு பித்தப்பை உள்ளவன்'. ஜப்பானில் 'பலவீனமான பூச்சி'. இந்தியில் 'நனைந்த பூனை', பிரெஞ்சில் 'நனைந்த கோழி'. தண்ணீர் பட்டால் வீரம் கரைந்துவிடும் போல.

ஸ்பானிஷ் மொழியிலும் கோழிதான்: 'கஜினா'. (நம்ம சூர்யா படம் இல்லை!) இந்தச் சொல் ஒரு கால்பந்து கிளப்பையே 60 வருடங்களாகத் துரத்துகிறது. அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட், 1966-ல் கோபா லிபர்டடோரஸ் இறுதிப் போட்டியில் உருகுவேயின் பெனரோல் அணிக்கு எதிராக 2-0 என்று முன்னிலையில் இருந்தது. கோப்பை கிட்டத்தட்ட கையில். பிறகு கூடுதல் நேரம் வரை போய் 4-2 என்று தோற்றது. அடுத்து உள்ளூர் லீக்கில் பான்ஃபீல்டு அணியுடன் ஆடியபோது, எதிரணி ரசிகர்கள் மைதானத்துக்குள் ஒரு கோழியை விட்டார்கள். ரிவர் பிளேட்டின் ஜெர்ஸி, வெள்ளையில் குறுக்கே சிவப்புப் பட்டை. அந்தக் கோழி மேலும் ஒரு சிவப்புப் பட்டை! அன்றிலிருந்து அந்த அணிக்குக் 'கோழிகள்' என்றே பெயர். இப்போது அந்த ரசிகர்களில் பலர் 'ஆமா, நாங்க கோழிதான், என்ன இப்போ?' என்று பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். கேலியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

சேவல் மட்டும் எப்படி வீரன்?

ஆங்கிலத்தில் 'சிக்கன்' என்பது முதலில் கோழிக் குஞ்சைத்தான் குறித்தது. குஞ்சு பயந்து ஓடும், அதனால் கோழைக்கு அந்தப் பெயர். ஷேக்ஸ்பியர் 1610-ஐ ஒட்டி எழுதிய 'சிம்பலின்' நாடகத்திலேயே, போரில் தெறித்து ஓடும் வீரர்கள் கோழிக் குஞ்சுகள் ஆகிவிடுகிறார்கள்.

அதே பறவையின் ஆணுக்கு வேறு மரியாதை. எதற்காவது கூப்பிட்டால் 'ஐ ஆம் கேம்' என்று சொல்கிறார்களே, 'நான் ரெடி' என்ற பொருளில்? அந்த 'கேம்' விளையாட்டிலிருந்து நேராக வந்தது இல்லை. சண்டைச் சேவலுக்கு 'கேம்காக்' என்று பெயர். அதன் துணிச்சல் இருக்கிறவர் 'கேம்'. ஆக, 'ஐ ஆம் கேம்' என்றாலும் கோழி இனம், 'ஐ ஆம் சிக்கன்' என்றாலும் கோழி இனம்!

இந்தச் சண்டைச் சேவலிலிருந்து இன்னொரு வழக்கும் கிளம்பியது. சேவலின் வாலில் வெள்ளை இறகு இருந்தால் அது கலப்பு ரகம், களத்தில் நிற்காது என்று சேவல் வளர்ப்பவர்கள் நம்பினார்கள். அதனால் 'வெள்ளை இறகைக் காட்டுவது' என்றால் பயந்து பின்வாங்குவது. மொழிக்குள் இருந்த வரைக்கும் அது ஒரு கேலி. 1914-ல் அந்த இறகு தெருவுக்கு வந்தது.

முதல் உலகப் போர் ஆரம்பித்த சமயம். பிரிட்டனில் அப்போது கட்டாய ராணுவச் சேவை கிடையாது, விருப்பப்பட்டு வருபவர்கள்தான் சேரலாம். சார்லஸ் பென்ரோஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற ஓய்வு பெற்ற அட்மிரலுக்கு ஒரு யோசனை வந்தது. ஃபோக்ஸ்டோன் நகரில் 30 பெண்களைத் திரட்டினார். ராணுவ உடையில் இல்லாத இளைஞனை எங்கே பார்த்தாலும் அவன் கையில் ஒரு வெள்ளை இறகைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. 'நீ கோழை' என்று வாயைத் திறந்து சொல்லக்கூடத் தேவையில்லை.

இது நாடு முழுக்கப் பரவியது. டிராமில், தியேட்டரில், கடைத்தெருவில் நாலு பேர் பார்க்க இறகு நீட்டப்பட்டது. யாருக்கு நீட்டுகிறோம் என்று யார் விசாரித்தார்கள்? போரில் அடிபட்டுத் திரும்பி, சாதாரண உடையில் நடமாடியவர்களுக்கும் கிடைத்தது. ஜார்ஜ் சாம்சன் என்ற கடற்படை வீரர், கலிப்போலி போரில் தோட்டாக்களுக்கு நடுவே காயம்பட்டவர்களைக் காப்பாற்றியதற்காக பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றவர். அவருக்கான பாராட்டு விழாவுக்குச் சாதாரண உடையில் போய்க்கொண்டிருந்தபோதே அவர் கையில் ஒரு வெள்ளை இறகு திணிக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள்.

இந்தத் தொல்லை தாங்காமல், காயத்தாலோ நோயாலோ ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் சட்டையில் குத்திக்கொள்ள, 1916 செப்டம்பரில் அரசே ஒரு வெள்ளி பேட்ஜ் கொடுக்க ஆரம்பித்தது. 'நான் கோழை இல்லை' என்று நிரூபிக்க ஒரு பேட்ஜ்!

அந்த விருது பெற்றவரைவிட என்னைத் தொந்தரவு செய்வது சிறுவர்கள்தான். ராணுவத்தில் சேர 18 வயது ஆகியிருக்க வேண்டும். பார்க்க வாட்டசாட்டமாக இருந்த 16 வயதுப் பையன்களுக்கும் இறகு வந்தது. அந்த அவமானத்தோடு நேராக ஆள் சேர்க்கும் அலுவலகத்துக்குப் போய், வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். எடை பார்த்தால் ஒரு கிராம்கூட இல்லாத ஓர் இறகு.

அடுத்தவரைப் போருக்குத் தள்ளிவிட்டுத் தான் வீட்டிலேயே பத்திரமாக இருந்துகொள்கிற ஆளுக்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது: 'சிக்கன்ஹாக்'. பாதி கோழி, பாதி பருந்து. அமெரிக்க அரசியலில் அடிக்கடி பறக்கும்.

யார் முதலில் திரும்புவது?

'பிளேயிங் சிக்கன்' என்று ஒரு வழக்கு செய்திகளில் வரும். இது நிஜ விளையாட்டிலிருந்து வந்தது. இரண்டு கார்கள் எதிரெதிரே முழு வேகத்தில் வரும். பயந்து முதலில் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறவன் சிக்கன். இருவரும் திருப்பாவிட்டால் யாரும் சிக்கன் இல்லை, யாரும் உயிரோடும் இல்லை.

1955-ல் வந்த 'ரெபெல் வித்தவுட் எ காஸ்' படத்தில் இதன் இன்னொரு வடிவம் வரும். திருட்டு கார்களை மலை விளிம்பை நோக்கி ஓட்ட வேண்டும். முதலில் குதிப்பவன் சிக்கன். ஒருவன் சரியான நேரத்தில் குதித்துவிடுவான். இன்னொருவனின் ஜாக்கெட் கை, கதவுப் பிடியில் மாட்டிக்கொள்ளும். பயம் இல்லை என்று காட்ட வந்தவன், கடைசியில் குதிக்க ஆசைப்பட்டும் முடியாமல் போகிற அந்தச் சில நொடிகள் இன்றைக்குப் பார்த்தாலும் பதறும்.

1959-ல் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், அணுகுண்டை வைத்துக்கொண்டு வல்லரசுகள் ஆடுவதும் இதே விளையாட்டுதான் என்று எழுதினார். மூன்றே வருடத்தில், 1962-ல், கியூபா ஏவுகணை நெருக்கடி. 13 நாள் உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. சோவியத் தலைவர் குருஷ்சேவ் கியூபாவிலிருந்து ஏவுகணைகளை எடுக்கச் சம்மதித்தார். குருஷ்சேவ் பின்வாங்கிவிட்டார், கென்னடி ஜெயித்துவிட்டார் என்று பேசப்பட்டது. ஆனால், துருக்கியில் வைத்திருந்த தன் ஏவுகணைகளை எடுத்துக்கொள்ள அமெரிக்காவும் ரகசியமாக ஒப்புக்கொண்டிருந்தது பல வருடம் கழித்துத்தான் முழுதாக வெளியே வந்தது. அதாவது, இரண்டு பேருமே ஸ்டீயரிங்கைத் திருப்பினார்கள். ஒருவர் மட்டும் இருட்டில் திருப்பினார்.

இந்தச் சொல் இன்றும் அதே சூட்டோடுதான் இருக்கிறது. 2025 மே மாதம், அமெரிக்க அதிபர் ட்ரம்ப் வரி போடுவதாக மிரட்டுவதும் பிறகு தள்ளிவைப்பதுமாக இருந்ததைப் பார்த்து, பைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகையாளர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் ஒரு சுருக்கப் பெயர் வைத்தார்: 'டாகோ'. விரித்தால், 'ட்ரம்ப் எப்போதும் சிக்கன் அவுட் ஆகிவிடுவார்'. வெள்ளை மாளிகையில் நிருபர் ஒருவர் இதைக் கேட்டதும் ட்ரம்ப் கடுப்பாகிவிட்டார். உலகின் சக்தி வாய்ந்த நாற்காலியில் இருப்பவரையும் கோழி சுடுகிறது!

நம்ம ஊர்க் கோழி

நம் பக்கம் வருவோம். 'கோழை'யும் 'கோழி'யும் கேட்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால், கோழைக்கு அகராதியில் இருக்கும் இன்னொரு பொருள் சளி. 'நெஞ்சுல கோழை கட்டியிருக்கு' என்று பாட்டி கஷாயம் வைப்பாரே, அது.

தமிழ் கோழிக்குக் கொடுத்த இடமே வேறு. முருகன் கொடியில் சேவல். திருச்சி உறையூருக்குப் பழைய பெயர் 'கோழி'. சேவல் ஒன்று யானையை எதிர்த்து விரட்டியதைப் பார்த்து, அந்த மண்ணின் வீரத்தை மெச்சிச் சோழன் அங்கே தலைநகரம் அமைத்தான் என்பது கதை. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், சுமார் 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு நடுகல் இருக்கிறது. வீரர்களுக்கு நடுவது மாதிரியே, ஒரு சண்டைச் சேவலுக்காக நட்ட கல். சேவல் உருவத்தோடு எழுத்தும் பொறித்திருக்கிறார்கள்.

அடடா, நம் மொழி கோழியைக் கேவலப்படுத்தவே இல்லை என்று காலரைத் தூக்கிவிடப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். மரியாதை எல்லாம் சேவலுக்குத்தான். பயந்தவனை நாம் 'பேடி' என்கிறோம். 'பேடு' என்றால் பெண் பறவை. பேடை, பெடை, பெட்டை எல்லாம் ஒரே குடும்பம். பெட்டை பேச்சில் 'பொட்டை' ஆகி, இன்றும் பையன்கள் சண்டையில் வந்து விழுகிறது. ஆங்கிலேயர் குஞ்சைச் சொன்னார்கள், நாம் பெட்டைக்கோழியைச் சொன்னோம். ஒரே கல்லில் பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் சேர்த்து அடி. 'தொடைநடுங்கி'யில் அந்த வம்பு இல்லை. யார் தொடையும் நடுங்கும்.

வெள்ளை இறகுக்கு நம்மிடம் ஈடு இல்லையா என்றால், அதுவும் இருக்கிறது. மகன் போரில் முதுகு காட்டி ஓடினான் என்று கேள்விப்பட்டு, அப்படியானால் பால் கொடுத்த மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகும் தாயைப் புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியிருக்கிறார். மகன் வெட்டுண்டு கிடப்பதைப் பார்த்ததும், பெற்ற நாளைவிட அதிகமாக அவள் மகிழ்கிறாள். பள்ளியில் இதைப் படித்தபோது கைதட்டத் தோன்றியது. இப்போது அந்தப் பையனுக்கு என்ன வயது இருந்திருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

கோழி நிஜமாகவே பயந்த பிராணியா? கிராமத்தில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள். பருந்து நிழல் தரையில் விழுந்ததும் தாய்க்கோழி ஒரு சத்தம் கொடுக்கும். குஞ்சுகள் எல்லாம் இறக்கைக்குள். பருந்து இறங்கியேவிட்டால், உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு அது மேலேயே பாயும். கோழிகளுக்கு வானத்திலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு குரல், தரையில் வரும் ஆபத்துக்கு வேறு குரல் உண்டு. அந்தக் குரல்களைப் பதிவு செய்து ஒலிபரப்பிப் பார்த்திருக்கிறார்கள். முதல் குரலுக்குக் கோழிகள் பதுங்கி மேலே பார்க்கின்றன. இரண்டாவதற்கு, நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்க்கின்றன. பயப்பட வேண்டிய நேரத்தில் சரியாகப் பயப்படத் தெரிந்த பறவை.

இப்போது இந்தச் சொல் எங்கே அதிகம் புழங்குகிறது என்று பாருங்கள். கோடை விடுமுறையில் கிணற்று மேட்டில், நீச்சல் தெரியாதவனிடம், "குதிடா, பயமா?" பைக்கில், "நூறைத் தொடு, தில் இல்லையா?" தண்டவாளத்தில் ரீல்ஸ் எடுக்கும்போது, "ரயில் வர்ற வரைக்கும் நில்லு பார்ப்போம்." முதல் சிகரெட்டை நீட்டும் கையும் பெரும்பாலும் இதே வார்த்தையோடுதான் வருகிறது. சொல்கிறவன் கரையில் நிற்கிறான் என்பதைக் கவனித்தீர்களா? சிக்கன்ஹாக்!

'பேக் டு தி ஃபியூச்சர்' படங்களில் நாயகன் மார்ட்டியை 'சிக்கன்' என்று சொல்லிவிட்டால் போதும், எதையும் செய்துவிடுவான். 1990-ல் வந்த மூன்றாம் பாகத்தின் முடிவில் ஒருவன் கார் பந்தயத்துக்குச் சீண்டுவான். சிக்னல் பச்சை விழும். மார்ட்டி ரிவர்ஸ் கியரைப் போட்டு, பின்னால் போய்விடுவான். முன்னால் பாய்ந்த கார், பக்கத்துத் தெருவிலிருந்து வந்த கார் மேல் மோதாமல் மயிரிழையில் தப்பிக்கும். ஓட்டியிருந்தால் அது மார்ட்டியின் விபத்து.

யாராவது சீண்டும்போது சொல்ல ஆங்கிலத்தில் 'ஐ வில் பாஸ்' என்று ஒரு சின்ன வாக்கியம் இருக்கிறது. சீட்டாட்டத்தில் தன் முறையை விட்டுக்கொடுப்பது மாதிரி, விளக்கம் தேவைப்படாத மறுப்பு. முதலிலேயே சொல்லிவிட்டால் 'சிக்கன் அவுட்' என்ற பேச்சுக்கே இடமில்லை. தமிழில் இதற்கு நம் பசங்க ஏற்கெனவே ஒன்று வைத்திருக்கிறார்கள்: "நான் வரல மச்சி. நீ போய்ட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லு."